பதினான்காம் அறையின் பங்குதாரர்கள்

தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இளையபெருமாள் பெரியப்பா என் குட்டியானை வண்டியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் நாலு பரங்கிக்காயும் ஏற்றினார். மூட்டையின் மேல் ஒரு பை நிறைய அவரைக்காய். இவ்வளவு எதற்கு என்று கேட்டதற்கு, முதலாளி முதல் தடவை போகும்போது கையை வீசிக்கொண்டு போகலாமா என்று திருப்பிக் கேட்டார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். காலர் இறுக்கிப் பிடித்ததில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினார்.

முத்தாயி பெரியம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மலைப் பக்கம் பனி இன்னும் கலையவில்லை. வேப்பந்தட்டை தாண்டும் வரை முகப்பு விளக்கைப் போட்டுத்தான் ஓட்டினேன். நாங்கள் பங்காளிகள். என் அப்பாவும் பெரியப்பாவும் அண்ணன் தம்பி மக்கள். அவர்கள் வீட்டுச் சரக்குக்கு நான் வாடகை கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது பெரியம்மா ரெண்டு படி வெங்காயத்தை சீட்டில் வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

போகிற இடம், பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் நாலுவழிச் சாலையோரம் புதிதாகக் கட்டியிருந்த ‘அந்திச்சோலை’ முதியோர் இல்லம். அதில் பெரியப்பாவுக்குப் பங்கு இருந்தது. கரிசல் காடு ரெண்டரை ஏக்கரை, கிணற்றோடு விற்றுப் போட்ட பங்கு. வாங்கியவர் நல்ல மனுசன், நட்ட மக்காச்சோளத்தை அறுத்துக்கொண்டு காட்டை விட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒரு வெள்ளாமை மட்டும் இன்னும் அவர்களுடையதாக நின்றுகொண்டிருந்தது.

இந்த யோசனையைச் சொன்னவன் அவர்கள் மகன் சுரேஷ்குமார். ஒரே பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன ஆடிப் பதினெட்டுக்கு வந்தவன், மறுநாள் சாயந்திரம் எங்கள் தெருவைக் கோடியிலிருந்து கோடி வரை நடந்து வீடுகளை எண்ணினான். நான் அப்போது அவர்கள் வாசலில் மாட்டுத் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வீட்டில் ஒன்பது பூட்டிக் கிடக்கிறது, பத்தொன்பதில் கிழவன் கிழவி மட்டும், பள்ளிக்கூடத்தில் மொத்தமே பதினோரு பிள்ளைகள் என்று கணக்குச் சொன்னான். பெரியப்பா வாயைப் பிளந்து கேட்டார். தினம் பார்க்கிற தெருவை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

‘‘இன்னம் பத்து வருசத்துல இந்தப் பக்கம் வெளையப் போறது வயசு மட்டுந்தாம்பா,’’ என்றான் சுரேஷ். ‘‘மக்காச்சோளத்துல படைப்புழு வுழுவும். பருத்தி வெல வுழுவும். வயசு ஒண்ணுதான் வருசம் தவறாம ஏறிக்கிட்டே போவும். அதுல காசு போட்டவன் பொழைச்சுக்குவான்.’’

அவன் சொன்னதில் தப்பு இல்லை. என் வண்டியே அதற்குச் சாட்சி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெங்காயமும் பருத்தியும்தான் ஏற்றுவேன். இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது ஐஸ் பெட்டி ஏற்றுகிறேன். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டுமே. ஒரே பெட்டி வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்த ஆள் மூன்றாவது பெட்டியும் வாங்கிவிட்டான். இதை நான்தான் அன்றைக்கு வாசலில் நின்று ஒத்து ஊதினேன். சும்மா மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிருந்தது. என் பாஸ்போர்ட்கூட அப்போது பெரம்பலூரில் ஓர் ஏஜென்ட் மேசையில் கிடந்தது. துபாயில் டிரைவர் வேலை. வீட்டில் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

பெரியம்மாதான் அடுப்படியிலிருந்து ஒன்று கேட்டாள். காடு போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று. கணக்குப் பார்க்கத்தான் என்று சுரேஷ் சிரித்தான். பெரியப்பாவும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குழம்பு கரித்துவிட்டது என்று அன்றைக்கு அவன் சாப்பாட்டில் குறை சொன்னான்.

ஆவணியில் பத்திரம் முடிந்தது. பணம் பெரியப்பா கணக்கில் ஏறி, அவர் கையெழுத்துப் போட்ட செக்கில் அப்படியே இறங்கியது. மகன் நீட்டிய தாள்களில் எல்லாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைக்கு நாலு போட்டோ கேட்டான், எடுத்துக் கொடுத்தார்கள். பெரம்பலூரில் ஒரு லேபுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தான், நெஞ்சுக்கு வயர் ஒட்டிப் பார்த்தான். பங்கு போடுகிறவனுக்கு எதற்குச் சுகர் டெஸ்ட் என்று நான் கேட்டேன். பெரியப்பா என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இன்சூரன்ஸ் போடும்போது மெடிக்கல் எடுத்த மனுசர் அவர். பெரிய தொகை போடுகிறவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எந்தக் கம்பெனியும் பார்க்கத்தான் செய்யும் என்பது அவர் கணக்கு.

இன்னொன்றும் நடந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் இல்லத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, காலையில் என்ன சாப்பிடுவீர்கள், ராத்திரி என்ன, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டாளாம். பெரியப்பா அரைமணி நேரம் பேசியிருக்கிறார். வயசானவர்களுக்கு இட்லியைக் காட்டிலும் கேழ்வரகுக் கூழ் நல்லது, மோர் விட்டுக் கரைக்க வேண்டும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், ராத்திரிக்குச் சோறு கூடவே கூடாது. சமையல் பட்டியல் போடுவதற்கு முன்னால் பங்குதாரரைக் கலந்துகொள்கிறார்கள் என்று டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாசாமாசம் வருமானம் ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்கும் என்று சுரேஷ் சொல்லியிருந்தான். பொங்கல் கழிந்ததும் இல்லத்திலிருந்தே அழைத்தார்கள், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

நல்ல கட்டடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர், சாய்வான நடைபாதை, வாசலில் நாலைந்து வேப்பங்கன்றுகள். கலையரசி என்று ஒரு நர்ஸ்தான் மேற்பார்வை. முப்பது வயசுக்குள் இருக்கும், வாலிகண்டபுரத்துப் பெண். வாங்கய்யா, வாங்கம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். மூட்டையைப் பார்த்து அசந்துபோனாள்.

பெரியப்பா சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். குளியலறைத் தரையைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துப் பார்த்தார். இது வழுக்கும், சொரசொரப்பான கல் போட வேண்டும் என்றார். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இன்னும் ஒரு சாண் கீழே இருக்க வேண்டும் என்றார். அடுப்படிக்குள் போய்ப் பருப்பை அள்ளிப் பார்த்தார். கலையரசி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். சோளக்கொல்லையில் அவர் ஆட்களை வேலை வாங்கும் அதே நடை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நடைபாதையில் நாற்காலி போட்டு வைத்திலிங்கம் என்ற வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்து, ‘‘எந்த ரூமு குடுத்திருக்காங்க?’’ என்று கேட்டார்.

‘‘நமக்கு ரூமு இல்லீங்க. பங்கு,’’ என்றார் பெரியப்பா.

வாத்தியார் கலையரசியைப் பார்த்தார். கலையரசி நோட்டைப் பார்த்தாள். பிறகு, வாங்கய்யா, காட்டுகிறேன் என்று முன்னால் நடந்தாள். கடைசியிலிருந்து மூன்றாவது கதவு. பதினாலு என்று எண். அதற்குக் கீழே பித்தளை நிறத்தில் ஒரு தகடு. திரு. இளையபெருமாள், திருமதி முத்தாயி. உள்ளே இரண்டு கட்டில், இரண்டு மேசை, இரண்டு தண்ணீர் பாட்டில். மெத்தையின் மேல் போர்த்திய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

பெரியப்பா அப்போதும் புரிந்துகொள்ளவில்லை. முதலாளி வந்தால் தங்குவதற்கா என்று கேட்டார். அவரை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் பெயரில் உள்ள கோப்பை எடுக்கக் கலையரசியிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பங்கு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ஆயுள்கால வைப்புத் தொகை என்றிருந்தது. தங்குவோர் இருவர். வைப்புத் தொகை எக்காரணம் கொண்டும் இடையில் திருப்பித் தரப்படாது. இருவரின் காலத்துக்குப் பிறகு அதில் பாதி வாரிசுதாரருக்கு. வாரிசுதாரர், சுரேஷ்குமார். காலை உணவு, கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம். இரவில் சோறு வேண்டாம். அந்த வரியைப் படிக்கும்போதுதான் பெரியப்பாவுக்கு முகம் மாறியது. மேல்பொத்தானைத் தடவித் தடவிக் கழற்றினார்.

அதற்குக் கீழே கட்டம் போட்டு இன்னொரு வரி. அதைப் படிக்காமல் தாண்டிவிடப் பார்த்தேன். பெரியம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வுட்டுட்டியே, அதையும் படி என்றாள்.

‘‘தங்குவோருக்கு இறப்பு நேர்ந்து, மூன்று நாட்களுக்குள் மகன் வர இயலாவிட்டால், இறுதிச் சடங்கை இல்ல நிர்வாகமே செய்து முடிக்க முழு சம்மதம்.’’

பக்கத்தில் ஒரு டிக். அதற்குப் பக்கத்தில் சுரேஷின் கையெழுத்து.

பெரியம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். ஆண்பிள்ளை எதற்கு என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோறு போடாவிட்டாலும் கொள்ளி வைப்பான். அந்த ஒன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டான். கலையரசி எழுந்துபோய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே மகன் சொன்னார் என்று அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை.

என் போனில் சுரேஷைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

‘‘பங்குன்னு சொன்னியேடா,’’ என்றார் பெரியப்பா.

‘‘பங்கு மாரிதாம்பா. இன்னிக்கு ரூமு போட்டு வைக்கறதும் முதலீடுதான். நாலு வருசம் போனா இதே ரூமு ரெண்டு மடங்கு. அப்ப கேட்டாலும் கெடைக்காது.’’

‘‘மாசாமாசம் வரும்னு சொன்ன?’’

‘‘மாசாமாசம் சாப்பாடு வரும், மாத்திர வரும், டாக்டர் வருவாரு. அதெல்லாம் காசு இல்லியா? நான் என்ன ரோட்லயாப்பா வுட்டேன் உங்கள?’’

‘‘உள்ளதச் சொல்லியிருக்கலாமில்ல.’’

‘‘சொல்லியிருந்தா காட்ட வித்திருப்பீங்களா?’’

மாட்டேன் என்றார் பெரியப்பா. அதான் என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் குரல் இறங்கியது. அவனுக்கும் அவன் பெண்டாட்டி மேகலாவுக்கும் ஆஸ்திரேலியா விசா வந்துவிட்டது, சித்திரையில் கிளம்புகிறார்கள். அப்பா அம்மாவை அத்தனை சீக்கிரம் அங்கே விடமாட்டார்களாம். அங்கே போக இரண்டு வருஷமாக முயற்சி செய்திருக்கிறான். காட்டில் பாம்பு கடித்துக் கிடந்தாலும் யார் பார்ப்பார்கள், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று சொல்லும்போது அழுதேவிட்டான். அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தான் தூங்குவதற்கு அவர்கள் காட்டை விற்றிருக்கிறான்.

பெரியம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

‘‘சாப்டியா?’’

‘‘சாப்டேம்மா.’’

‘‘இங்க ஒரு கட்டத்துல கையெழுத்து இருக்கு. மூணு நாளுன்னு போட்டிருக்கு. அது நீ போட்டதா?’’

‘‘அது சும்மா ஃபார்ம்மா. எல்லாரும் போடறாங்க.’’

‘‘அந்த ஊர்லேருந்து வர எத்தினி நேரமாவும்?’’

‘‘ஒரு நாள் ஆவும்.’’

‘‘மூணு நாள் பத்தாதா உனக்கு?’’

அவனுக்குப் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

‘‘பாதி உனக்கு வரும்னும் போட்டிருக்கு,’’ என்றாள்.

‘‘எனக்கு அந்தக் காசு வேணாம்மா. சத்தியமா வேணாம்.’’

‘‘வரும்டா. எங்க ரெண்டு பேருக்கப்புறம் வரும். கொஞ்சம் நாளாவும், அவசரப்படாத.’’

போனை அணைக்க அவளுக்குத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் அவன் அம்மா, அம்மா என்றுகொண்டிருக்கும்போதே நான் அணைத்தேன்.

வெங்காயத்தையும் காயையும் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டேன். அது இந்த வயசானவங்களுக்குன்னு எடுத்தாந்தது, இருக்கட்டும் என்றாள் பெரியம்மா. திரும்பி வரும்போது பெரியப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். அந்தக் குளியலறைத் தரை வழுக்கத்தான் செய்யும் என்றார்.

மாசி பிறந்ததும் சோளம் ஒடித்தார்கள். ஆட்கள் நாலு பேர், நூறுநாள் வேலை முடிந்து வருகிற பெண்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு நிரை முடிந்துவிட வேண்டும் என்று பெரியம்மா முன்னால் போனாள். சோளத்தின் சோகை இலை அறுத்துக் கையெல்லாம் கோடு. படைப்புழு தின்ற கதிர் பாதி, நல்ல கதிர் பாதி. பெரியப்பா புழு விழுந்ததைக்கூட விடாமல் ஒடித்தார். சோகையை மாட்டுக்குக் கட்டினார். தட்டையை வெட்டி வரப்போரம் அடுக்கினார். விற்ற காட்டை எதற்கு இத்தனை சுத்தமாக விட வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். அழுக்கோட குடுத்தா என்ன நெனைப்பான் என்றார். மூன்றாம் நாள் காட்டை வாங்கியவரின் இயந்திரம் வந்து கிணற்று மேட்டை இடித்தது. மனைக் கற்கள் ஊன்றினார்கள். பெரியப்பா அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஊர்க்காரர்கள் இல்லத்தைப் பற்றி விசாரித்தால், நல்லா போவுது என்பார். டீக்கடைக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

இல்லத்திலிருந்து வாரம் ஒரு தடவை கூப்பிட்டார்கள், எப்போது வருகிறீர்கள் என்று. இரண்டு பேரும் அசையவில்லை. ஒரு மாடு, எட்டு ஆடு, வீடு, அது போதும் என்று இருந்தார்கள். சுரேஷின் போனைப் பெரியப்பா எடுப்பார். சாப்பாடு, மழை, மாடு, அவ்வளவுதான் பேச்சு. பெரியம்மா எடுக்கமாட்டாள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் அவள் மட்டும் வந்து வண்டியில் ஏறினாள். அந்த இல்லத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

‘‘நாங்க அங்க போறமோ போவலியோ, அது வேற. அந்தத் தாள்ல அவன் பேரு இருக்கக் கூடாது. மாத்தலாமான்னு கேக்கணும்.’’

மாற்றலாம் என்றாள் கலையரசி. பணத்தைத் திருப்பத்தான் முடியாது, பெயரை மாற்றத் தங்குவோருக்கு உரிமை உண்டு. கோப்பை எடுத்து, மகன் கையெழுத்துப் போட்ட கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தாள். பெரியம்மா அதற்குப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தித் தன் பெயரை எழுதினாள். அப்புறம் கலையரசி புதிதாக ஒரு தாளை எடுத்து, இங்கே யாராவது ஒருவர் பெயர் வேண்டும் அம்மா, ஒன்று என்றால் நாங்கள் தகவல் சொல்ல, மற்றதெல்லாம் செய்ய என்றாள்.

பெரியம்மா யோசிக்கவில்லை. வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

‘‘பங்காளி மவன் இருக்கான். முறையும் இருக்கு.’’ என் பக்கம் திரும்பினாள். ‘‘உம் பேரப் போட்டுக்கட்டுமாடா, வீரமணி?’’

பிள்ளை இல்லாதவர்களுக்குப் பங்காளி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதில் கேட்பதற்கே ஒன்றுமில்லை. போடுங்க பெரியம்மா என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள்தான் ஏஜென்ட் போன் பண்ணியிருந்தான். விசா அடித்தாகிவிட்டது, பங்குனி இருபதுக்குள் கிளம்ப வேண்டும், இரண்டு வருஷ ஒப்பந்தம். போடுங்க என்று சொன்னேன்தான். கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன். அந்தத் தாமதத்தை அவள் பார்த்துவிட்டாள். இந்த ஒரு மாதத்தில் பேச்சின் இடைவெளியைப் படிக்க அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

‘‘எந்த ஊரு?’’ என்றாள்.

‘‘துபாய்.’’

‘‘எப்ப?’’

‘‘பங்குனியில.’’

கோபம் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். கலையரசியிடம் திரும்பி, அத காலியாவே வுடும்மா என்றாள். காலியாக விடக்கூடாதே என்று அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தாள். கடைசியில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு மூடினாள்.

திரும்பும்போது வழியெல்லாம் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். இரண்டே வருஷம்தான், வண்டிக் கடன் அடைந்ததும் வந்துவிடுவேன், ஒன்று என்றால் ஓடி வரமாட்டேனா என்று. சுரேஷ் சொன்ன மாதிரியே இருந்தது என் காதுக்கே. அவள் சரி, சரி என்றாள். ஊர் வந்ததும் இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

‘‘வண்டி வாடக எவ்வளவு?’’

என்ன பெரியம்மா என்றேன். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, பெரம்பலூர் வரை போய்வர மற்றவர்களிடம் நான் வாங்குகிற அதே தொகையை, நோட்டுகளை நீவி எண்ணி, சீட்டில் வெங்காயம் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.